தரை நிற்கவில்லை

தொட்டிலை ஆட்டும்போது நான் கண்ணை மூடிக்கொள்வேன். மூடாமல் ஆட்ட முடியாது. சேலைத் தொட்டில் இந்தப் பக்கம் வந்து அந்தப் பக்கம் போவதைக் கண் ஒரு தடவை தொடர்ந்து போய்விட்டால் போதும், தொட்டில் நின்ற பிறகும் சுவர் ஆடும், சுவர் நின்ற பிறகும் நான் ஆடுவேன். அதனால் முதுகைச் சுவரோடு ஒட்டி, காலை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு, தொட்டிலில் கட்டியிருக்கும் கயிற்றைப் பிடித்து இழுத்து விடுகிறேன். கயிறு வழியாகவே பிள்ளை எனக்குத் தெரிகிறாள். உறங்குகிற கயலுக்கு ஒரு கனம், விழித்த கயலுக்கு ஒரு கனம். இப்போது உறங்குகிற கனம். இழுத்தால் மெதுவாக வருகிறது, விட்டால் முழுசாகப் போகிறது. மேலே மின்விசிறி ஓடவில்லை. ஓடினால் அதன் நிழல் தரையில் சுற்றும், எனக்கு அந்த நிழலே போதும். சித்திரை மாதம், கோவில்பட்டி வெயில், ஒரு வயசுப் பிள்ளைக்குக் கழுத்து மடிப்பு முழுக்க வேர்க்குரு. என்னால்தான். மூலையில் மேஜை விசிறி ஒன்று ஒரே பக்கம் பார்த்துக் காற்றடித்துக்கொண்டிருக்கிறது. மயினி போகும்போது அதைத் தொட்டில் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனாள். மயினி என் வீட்டுக்காரரின் அக்கா, பேர் கோமதி. நான் விழுந்த பிறகு தென்காசியிலிருந்து வந்து இந்த வீட்டை எடுத்துக் கட்டிக்கொண்டவள். இன்றைக்குத் திரும்பிப் போகிறாள், கயலோடு. "கிளம்புறதுக்கு முன்னால அம்மனைக் கும்பிட்டுட்டு, அப்படியே உங்க அண்ணனுக்குக் கடலைமிட்டாய் வாங்கிட்டு வந்துருதேன். பிள்ளை இப்பதான் உறங்கியிருக்கா, எந்திரிக்க மாட்டா. எந்திரிச்சாலும் நீ எந்திரிக்காத, கேட்டியா? அழுதா அழட்டும். லீலாகிட்ட ஒரு காதை இங்ஙன வச்சுக்கிடச் சொல்லியிருக்கேன்." அண்ணன் என்றால் மயினியின் வீட்டுக்காரர், லீலாக்கா பக்கத்து வீடு. அவள் வீட்டு மிக்ஸி இப்போதுதான் ஓய்ந்தது. ஆக, நானும் பிள்ளையும் மட்டும் வீட்டில். இப்படித் தனியாக இருந்து எத்தனை மாசம் ஆச்சு என்று எண்ணப் போனால் எண்ணிக்கையும் கூடச் சேர்ந்து ஆடுகிறது. மயினி மேல் தப்பில்லை. எந்திரிக்காத என்று அவள் சொன்னதில் அன்புதான் இருந்தது. அன்போடு சொல்லும்போதுதான் அது நெஞ்சில் போய் மாட்டிக்கொள்கிறது, மீன் முள் மாதிரி, விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல்.

முந்தாநாள் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது அவர் கேட்டார். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல். "கயலை அக்கா ஒரு ஆறு மாசம் தென்காசியில வச்சுப் பாத்துக்கிடட்டும். உனக்கும் ஓய்வா இருக்கும். குத்தாலக் காத்து, பிள்ளைக்கும் நல்லது. நீ என்ன சொல்லுத?" நான் ஒன்றும் சொல்லவில்லை. வேண்டாம் என்று தலையை ஆட்டியிருக்கலாம். ஆனால் தலையை இடமும் வலமும் ஆட்டுவதை நான் விட்டுப் பல மாசம் ஆகிறது. கழுத்தைப் பிடித்து வைத்த மாதிரி உட்கார்ந்து பழகிவிட்டேன். யாராவது கூப்பிட்டால் முழு உடம்பையும் திருப்பித்தான் பார்ப்பேன், பெட்டி மாதிரி. அவர் கொஞ்ச நேரம் பார்த்தார், என் தலை அசையவில்லை, "சரி அப்ப" என்று போய்விட்டார். வாய் இருக்கிறதே, வாயால் சொல்லியிருக்கலாமே என்று அப்புறம் நினைத்தேன். சொல்லாததற்குக் காரணம் தலை மட்டும் இல்லை. அவர் சொல்வது சரிதானோ என்று எனக்குள்ளேயே ஒருத்தி நினைத்தாள். அவளைத்தான் எனக்குப் பிடிக்கவில்லை. பொன்ராஜ் என்கிற மனுஷன் உரக்கடையில் மூட்டை இறக்குவதைப் பார்த்துவிட்டு, பில் போட்டுவிட்டு, மத்தியானம் வந்து எனக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்துவிட்டு, மறுபடியும் கடைக்குப் போய், என் முன்னால் ஒரு தடவைகூட முகம் சுளிக்காத ஆள். அவர் முகம் சுளித்திருந்தால் என் வாயிலிருந்து அந்த வேண்டாம் வந்திருக்கும். நல்லவர்களிடம் வேண்டாம் சொல்வது எவ்வளவு கஷ்டம். அந்த ஆட்டம் இப்போது இருக்கிறதா? பார். கேட்டுவிட்டேன். இருக்கிறதா என்று கேட்காமல் இருக்கும்வரை இல்லாத மாதிரி இருக்கும், கேட்ட அந்த நொடி இடுப்புக்குக் கீழே தரை மெல்லப் பெருமூச்சு விடும். உட்கார்ந்திருக்கிறேன், சுவரில் சாய்ந்திருக்கிறேன், கையில் கயிறு இருக்கிறது, விழ இடமே இல்லை, ஆனாலும் விழப்போகிறேன் என்று உள்ளே ஒரு ஆள் சொல்லிக்கொண்டே இருக்கிறான். அவனுக்கு உறக்கமே கிடையாது.

தலைசுத்து என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் சொல்கிறேன், வேறு வார்த்தை கைவசம் இல்லை. ஆனால் சுற்றுவது முதல் மூன்று நாள்தான். அந்த மூன்று நாளும் கட்டிலைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன், கண்ணைத் திறந்தால் வாந்தி, மூடினாலும் வாந்தி. அதற்குப் பிறகு வந்தது வேறு. ஐப்பசியில், இன்னும் இவ்வளவு மோசமாகாதபோது, திருநெல்வேலியில் ஒரு டாக்டர் கேட்டார், "படகுல போற மாதிரி இருக்காம்மா?" நான் படகில் போனதே இல்லை. யோசித்துச் சொன்னேன், ரொம்ப தூரம் பஸ்ஸில் போய் இறங்கி நின்ற பிறகும் கால் மட்டும் கொஞ்ச நேரம் போய்க்கொண்டே இருக்குமே, அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு முடியவே இல்லை டாக்டர். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னை ஒரு தடவை பார்த்தார். ஸ்கேன் எடுத்தார்கள், காதில் தண்ணீர் விட்டுப் பார்த்தார்கள், கண்ணுக்குக் கண்ணாடி மாட்டி இருட்டில் உட்கார வைத்தார்கள். எல்லாம் நார்மல் என்று வந்தது. என் அம்மா அந்த ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே அம்மன் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். நான் அழுதேன். ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டால் இனி இதை எங்கே கொண்டுபோய் வைப்பது. கை ஒடிந்தால் கட்டுப் போடுகிறார்கள், கட்டைப் பார்த்து பஸ்ஸில் எழுந்து இடம் கொடுக்கிறார்கள். எனக்குக் கட்டு எங்கே. அந்த டாக்டர்தான் அப்புறம் பொறுமையாகச் சொன்னார், காது நரம்பில் வந்த கோளாறு எப்பவோ சரியாகிவிட்டது, உங்கள் மூளைதான் இன்னும் காவல் காத்துக்கொண்டிருக்கிறது, விழுந்துவிடுவோம் என்று ஒவ்வொரு நொடியும் பார்க்கிறது, அதுதான் இந்த ஆட்டம், பயந்து உட்கார்ந்தால் கூடும், கொஞ்சம் கொஞ்சமாக நடமாடப் பழகுங்கள், நாள் ஆகும். நாள் ஆகும் என்றால் எத்தனை நாள் என்று அவரும் சொல்லவில்லை. வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் கேட்டார், "அப்ப மனசுதான்னு சொல்லுதாரா?" தெருவில் அதற்கும் மேலே போய்விட்டார்கள். பேறுகால வாயு என்றார்கள், கண்ணேறு என்றார்கள், வேலை செய்ய வலிக்கிறது என்று ஒருத்தி சொன்னாள், அது என் காதுக்கு வரவேண்டும் என்றேதான் சொன்னாள்.

வேலைக்கு வலித்தவளா நான். கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலும், வயிற்றில் கயல் ஆறு மாசம் ஆகும் வரைக்கும், பொம்பளைகளுக்கு ஸ்கூட்டி ஓட்டச் சொல்லிக் கொடுத்தவள். பள்ளிக்கூடத்து மைதானத்தில் விடியற்காலையில் என் பின்னால் பெண்கள் வரிசையில் நிற்பார்கள். வங்கியில் வேலை பார்க்கிற பெண், நர்ஸ், மளிகைக்கடைக்காரர் மனைவி, ஓய்வு பெற இன்னும் கொஞ்ச நாளே இருக்கிற ஒரு டீச்சர். அந்த டீச்சர் முதல் நாள் வண்டியில் உட்கார்ந்ததுமே அழுதுவிட்டார். பின்னால் பிடித்துக்கொண்டு ஓடினேன். "கீழ பாக்காதீங்க டீச்சர், தூரத்துல அந்த வேப்பமரத்தைப் பாருங்க, வண்டி தானாப் போகும்." பிடியை விட்டது அவருக்குத் தெரியாது. மரத்தடி வரைக்கும் போய்த் திரும்பிப் பார்த்தவர் நான் இல்லை என்று தெரிந்ததும் என்ன ஒரு கூச்சல் போட்டார், சந்தோஷத்தில். பேலன்ஸ் என்பது ஏதோ நான் வீட்டிலிருந்து டப்பாவில் கொண்டுவந்து ஆளுக்குக் கொஞ்சம் கொடுப்பது மாதிரி நினைத்திருந்தேன். எவ்வளவு திமிராக இருந்திருக்கிறேன், அது எனக்கே சொந்தம் என்று. ஆடி மாசம் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கயலுக்கு மூன்று மாசம். கிளிப் மாட்டத் தலையைத் தூக்கினேன், வானம் ஒரு பக்கமாக வழுக்கிக்கொண்டு போனது. கொடியைப் பிடித்தேன், கொடியும் என்னோடு வந்தது. கீழே அவள் பசிக்கு அழுகிற சத்தம். படிக்கட்டில் உட்கார்ந்து உட்கார்ந்தே இறங்கினேன். கட்டிலில் கிடந்த அந்த மூன்று நாளும் பிள்ளையைக் கொண்டுவந்து என் மாரில் போட்டு எடுத்தார்கள். குடித்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டு, உலகமே கவிழ்ந்துகொண்டிருக்க, அவள் இழுக்கிற இழுப்பை மட்டும் பிடித்துக்கொண்டு கிடந்தேன். அப்போது வந்த பயம் இன்னும் போகவில்லை. அந்தப் பால் வழியாக இது அவளுக்கும் போயிருக்குமோ. டாக்டரிடம் கேட்டேன், சிரித்தார். சிரித்தால் பயம் போய்விடுமா. நடக்கப் பழகுகிற எல்லாப் பிள்ளையும் தள்ளாடும் என்று எனக்கும் தெரியும். ஆனால் கயல் தள்ளாடும் ஒவ்வொரு தடவையும் நான் பார்ப்பது அதை இல்லை.

அப்புறம் அந்தக் கார்த்திகை. கீரைக்காரம்மா வாசலில் கூப்பிட்டாள். கயலை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்படியிலிருந்து வந்தேன், பால் பொங்குகிற சத்தம் கேட்டு வேகமாகத் திரும்பினேன். அவ்வளவுதான். தரை இடது பக்கமாகச் சரிந்தது. விழத்தான் போகிறேன் என்று விழுவதற்கு முன்னாலேயே தெரிந்தது. இரண்டு கையாலும் அவளை நெஞ்சோடு அமுக்கிக்கொண்டு மல்லாக்க விழுந்தேன். கையை ஊன்றவில்லை. ஊன்றியிருந்தால் மண்டை உடைந்திருக்காது, கையை ஊன்ற வேண்டுமென்றால் அவளை விட வேண்டும். என் தலைக்குப் பின்னால் ஈரமாக ஏதோ பரவியது, என் நெஞ்சின் மேல் அவள் சிரித்தாள். விளையாட்டு என்று நினைத்திருக்கிறாள். பிள்ளை மேல் ஒரு கீறல் இல்லை, எனக்குத்தான் தையல். ஆனால் அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க ஒரே பேச்சு, செண்பகம் பிள்ளையைக் கீழே போட்டுவிட்டாள். நான் போடவில்லை. பிள்ளையைப் பிடித்துக்கொண்டு நான் விழுந்தேன். இதை எத்தனை பேரிடம் சொன்னேன். "சரி சரி, இப்ப அதுக்கென்ன" என்றார்கள். அவரிடமும் சொன்னேன். "எனக்குத் தெரியும்ட்டி" என்றார். ஆனால் அந்த வாரமே அக்காவுக்குப் போன் போட்டார். மயினி வந்தாள். அவளுக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷமாகப் பிள்ளை இல்லை. வந்த அன்றைக்கே கயலைத் தூக்கிய கை, இறக்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, வாசலில் நின்று காக்கா காட்டுவது. கயலுக்கு முதல் பேச்சு வந்தது, "மா". மயினியைப் பார்த்துத்தான் சொன்னாள். மயினி பதறிப்போய் என் பக்கம் விரலை நீட்டி, "நான் அத்தைட்டி, அத்தை. அம்மா அந்தா இருக்கா பாரு" என்றாள். தினமும் அப்படித்தான் திருத்துவாள். கொஞ்ச நாளாகத் திருத்துவதில்லை. மறந்து போயிருக்கும். வேண்டுமென்று செய்கிறவள் இல்லை. தென்காசி வீட்டில் உள்ளறைக்கு அண்ணன் வெள்ளையடித்துவிட்டார், தொட்டிலுக்குக் கொக்கி மாட்டிவிட்டார் என்று போனவாரம் அடுப்படியில் சொல்லிக்கொண்டே வந்தவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு, பாதியில் நிறுத்தி, புளியைக் கரைக்க ஆரம்பித்தாள். அந்தக் கொக்கியை நான் பார்த்ததில்லை. ஆனால் கண்ணை மூடினால் அதுதான் தெரிகிறது, வெள்ளைச் சுவருக்கு நடுவில், உத்தரத்தில், புதுசாக.

கயிறு கனம் மாறிவிட்டது. இழுத்தேன், வரவில்லை. உள்ளே கால் உதைக்கிறது. கண்ணைத் திறந்தேன். சேலையை விலக்கி ஒரு கை வெளியே வந்தது, பின்னால் தலை வந்தது, வியர்வையில் முடி நெற்றியில் ஒட்டி, உறக்கம் கலையாத முகம். தொட்டிலுக்குள் முட்டிபோட்டு, வெளியே குனிந்து தரையைப் பார்க்கிறாள். இன்னும் கொஞ்சம் குனிந்தால் தலைகுப்புற. "இருடி, இருடி, அம்மா வாரேன்." லீலாக்கா என்று கூப்பிட வாயைத் திறந்தேன். அவள் ஓடிவந்து தூக்கிவிடுவாள். சாயங்காலத்துக்குள் தெருவுக்குத் தெரிந்துவிடும், பிள்ளை தொட்டிலில் தொங்கியது, தாய் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாயை மூடிக்கொண்டேன். நிற்க வேண்டாம், முட்டிபோட்டே போகலாம். சுவரை விட்டேன். முதுகுக்குப் பின்னால் ஒன்றும் இல்லாத அந்த வெறுமை, கிணற்றுக்கட்டில் நிற்கிற மாதிரி. தரையில் கட்டம் போட்ட டைல்ஸ், ஒவ்வொரு கட்டமும் என்னைப் பார்த்து நழுவியது. தரையைப் பார்க்கவில்லை, அவள் நெற்றியில் மயினி வைத்திருந்த கறுப்புப் பொட்டை மட்டும் பார்த்தேன். அதுவும் ஆடியது. ஆடட்டும். தொட்டில் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், எது ஆடுகிறது என்று யார் கண்டது. கையை நீட்டினேன், முதல் தடவை காற்றுதான் கிடைத்தது. இரண்டாம் தடவை அக்குள் கிடைத்தது. தூக்கினேன், தூக்கும்போது இடது பக்கம் இழுத்தது, அப்படியே உட்கார்ந்துவிட்டேன், பிள்ளை மடியில்.  விழவில்லை. இரண்டு பேரும் விழவில்லை. இதைப் பார்க்க ஒருத்தரும் இல்லை. அவள் என் தாலிச் சங்கிலியைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தாள். "மா?" என்றாள். "அம்மா இங்கதான இருக்கேன்" என்றேன். மறுபடியும் வாசலைப் பார்த்து, "மா." அழப்போகிறாள், உதடு கோணுகிறது. அத்தை கோயிலுக்குப் போயிருக்கா, வந்துருவா, மிட்டாய் வாங்கிட்டு வருவா. அத்தை என்று நானே திருத்துகிறேன் பார், என் மடியில் உட்கார்ந்திருக்கிற என் பிள்ளையிடம்.

அழவில்லை. மடியிலிருந்து இறங்கித் தவழ்ந்து போனாள். தவழ்கிற பிள்ளையைக் கண்ணால் தொடர முடியாது, அவள் போய்ச் சேர்ந்த பிறகுதான் பார்ப்பேன். சுவரோரம் போய்ச் சேர்ந்திருந்தாள். சுவரைப் பிடித்து எழுந்தாள். எழுந்து, உள்ளங்கையைச் சுவரில் பரப்பி வைத்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். அப்படியே கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் கண்ணைத் திறந்து ஒரு அடி வைத்தாள். மறுபடியும் நின்றாள், கண்ணை மூடினாள், கை சுவரில், காத்திருந்தாள், திறந்தாள், அடுத்த அடி. முதலில் எனக்குத் தோன்றியது ஒன்றுதான். வந்துவிட்டது, பால் வழியாக வந்தேவிட்டது. அப்புறம்தான் தெரிந்தது, அவள் முகத்தில் பயமே இல்லை. அவளுக்கு ஒன்றும் சுற்றவில்லை. நான் கட்டிலிலிருந்து எழுந்ததும் செய்வது அது. குளியலறைக்குப் போகும் வழியில் செய்வது. நாள் பூராவும் பார்த்திருக்கிறாள். நடப்பது என்றால் இப்படித்தான் என்று நினைத்திருக்கிறாள், முதலில் சுவரைத் தொட வேண்டும், கண்ணை மூட வேண்டும், கொஞ்சம் காத்திருக்க வேண்டும், அப்புறம்தான் கால். மயினி இதைப் பார்த்திருப்பாள். பார்த்து அவரிடம் சொல்லியிருப்பாள். பிள்ளைக்கும் நல்லது என்று அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னது குற்றாலக் காற்றை இல்லை. இதைச் சொல்ல முடியாமல்தான் காற்றைச் சொன்னார். எனக்கு வலிக்கும் என்று இரண்டு பேரும் சேர்ந்து மறைத்திருக்கிறார்கள். போகட்டும். போகத்தான் வேண்டும். தென்காசியில் நாலு நாளில் மறந்துவிடுவாள், நிமிர்ந்து ஓடுவாள், அங்கே யாரும் கண்ணை மூடிக்கொண்டு நடப்பதில்லை. நாலு நாளில் இதை மறப்பவள் நாலு வாரத்தில் எதையெல்லாம் மறப்பாள். ஆறு மாசம் கழித்துக் கொண்டுவந்து இறக்கும்போது மயினியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு என்னை ஒரு கண்ணால் பார்ப்பாள். வா கண்ணு, அம்மாட்ட வா. வரமாட்டாள். நான் முழு உடம்பையும் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விடுவேன்.

அவள் சுவரை விட்டுவிட்டு என்னிடம் வந்தாள், கடைசி இரண்டு அடியும் நடையில்லை, விழுகைதான், என் தோள் மேல் விழுந்தாள். நான் கண்ணை மூடியிருந்தேன். ஈர விரல் ஒன்று என் இமையைத் தொட்டது. பிடித்துத் திறக்கப் பார்த்தது. திறந்தேன். முகத்துக்கு முகம், பால் வாசம், கறுப்புப் பொட்டு கன்னம் வரைக்கும் தீற்றியிருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தன் கண்ணை மூடிக்கொண்டாள். நானும் மூட வேண்டும் என்று காத்திருக்கிறாள். மூடினேன். விரல் வந்தது. திறந்தேன். இதை எங்களுக்குள் எப்போது ஆரம்பித்தோம் என்று எனக்கே தெரியவில்லை, என் நோயிலிருந்து அவள் ஒரு விளையாட்டு எடுத்து வைத்திருக்கிறாள். அனுப்பவும் முடியாது, வைத்துக்கொள்ளவும் முடியாது. இந்த இரண்டில் எது என்றுதான் எல்லாரும் பேசினார்கள், நானும் அந்த இரண்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்திருக்கிறேன். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதை ஒருத்தரும் வாயெடுத்துச் சொல்லவில்லை, நானும் நினைக்கவில்லை, ஏனென்றால் அது பஸ். போன மாசி மாசம் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள், தெருமுக்கு தாண்டுவதற்குள் வாந்தி, நிறுத்தச் சொல்லி நடைபாதையில் படுத்துவிட்டேன், என்னைச் சுற்றிக் கால்களாகவே கூட்டம். அதற்குப் பிறகு வாசற்படி தாண்டவில்லை. தென்காசி என்றால் சங்கரன்கோவில் வழி. ஜன்னலில் கம்பம் கம்பமாக ஓடும். மூடிக்கொண்டாலும் இமை மேல் வெயிலும் நிழலும் மாறி மாறி அடிக்கும். டீசல் வாசம், மேலே வந்து சாய்கிறவர்கள், நடத்துநர் விசில், ஒவ்வொரு வளைவிலும் வயிறு முன்னால் போய் நான் பின்னால் வருவது.  பஸ் நடுவழியில் நிற்காது. நிறுத்துங்கள் என்று கத்தினால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். மயக்கம் போட்டுவிட்டால்? போட்டதில்லை, இதுவரைக்கும் ஒரு தடவைகூடப் போட்டதில்லை. போட்டால்? போட்டால் மயினி மடியில் பிள்ளை இருக்கும், நான் சீட்டில் கிடப்பேன். கிடந்தபடியே தென்காசி வந்துவிடும். இதை நினைத்ததும் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, கயல் என் வாயில் விரலை விட்டுப் பல்லைத் தொட்டுப் பார்த்தாள்.

கேட் சத்தம். மயினி பூவும் விபூதியுமாக வந்தாள், முகமெல்லாம் வெயில். வாசலிலேயே நின்றுவிட்டாள். "எந்திரிச்சிட்டாளா! யாரு எடுத்தா? லீலாவா?"

"நான்தான் மயினி. முட்டிபோட்டு எடுத்தேன்."

என்னைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள், பிள்ளையின் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். கயல் இரண்டு கையையும் தூக்கி, "மா" என்று அவளிடம் தாவினாள். "வந்துட்டேன்டி தங்கம், வந்துட்டேன்" என்று அள்ளிக்கொண்டவள், என் நெற்றியில் குங்குமம் வைத்தாள்.  "பால் பாட்டில் எடுத்தாச்சு, பவுடர் எடுத்தாச்சு. தம்பி ஆட்டோ கூட்டிட்டு இப்ப வந்துருவான். நீ ஒண்ணுக்கும் கவலைப்படாத, தினமும் வீடியோவுல காட்டுதேன், என்ன?"

"மயினி, நானும் வாரேன்."

"பஸ் ஸ்டாண்டு வரைக்கா? வேண்டாம்ட்டி. அந்தக் கூட்டத்துல…"

"தென்காசிக்கு."

மயினி கையிலிருந்த விபூதிப் பொட்டலத்தை மேஜை விசிறிக்குப் பக்கத்தில் வைத்தாள். 

"நீ பஸ்ல எப்படிட்டி வருவ? ஆட்டோவுலயே தெருமுக்கு தாண்டலையே நீ."

"வாந்தி எடுத்துக்கிட்டே வாரேன்."

"விளையாடாத செண்பகம். மூணு மணிநேரம்."

"மூணு மணிநேரமும் எடுத்துக்கிட்டு வாரேன். நீங்க பிள்ளையைப் பிடிச்சுக்கோங்க. நான் உங்க பக்கத்துல கண்ணை மூடிக்கிட்டு உக்காந்துக்கிடுதேன்."

மயினியின் கை பிள்ளையைக் கொஞ்சம் இறுக்கியது. வேண்டுமென்று செய்யவில்லை, அவளுக்கே தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது. இந்த ஆறு மாசத்தை அவள் எப்படியெல்லாம் நினைத்து வைத்திருந்தாள் என்பது அந்த இறுக்கத்தில் இருந்தது, வெள்ளையடித்த அறை, அவளும் பிள்ளையும் அண்ணனும், சாயங்காலம் கோயில் தெருவில் இடுப்பில் பிள்ளையோடு ஒரு நடை, உன் பிள்ளையா என்று யாராவது கேட்டால் சட்டென்று பதில் சொல்லாமல் ஒரு நொடி நிறுத்துவது. அதை நான் எடுக்கிறேன். எனக்கு வேறு வழியில்லை. அவளுக்கும் வேறு பிள்ளையில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள் மயினி என்று சொல்ல வந்தேன், அதைச் சொன்னால் அவள் மனசில் இருந்தது வெளியே வந்துவிடும், அவள் அதை மூடித்தான் வைக்க நினைப்பாள். சொல்லவில்லை.

"அங்ஙன ஒரே கட்டில்தான் கிடக்கு" என்றாள், கீழே பார்த்துக்கொண்டு.

"நான் தரையில படுத்துக்கிடுதேன். எனக்குத் தரைதான் நல்லது."

வெளியே ஆட்டோ வந்து நின்றது. அவர் குரல் கேட்டது, "அக்கா, ரெடியா?" மயினி பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு குனிந்து, ஒரு கையால் பையின் ஜிப்பைத் திறந்தாள். மேலே மடித்து வைத்திருந்த கயலின் பெரிய போர்வையை எடுத்து வெளியே போட்டாள். பைக்குள் இடம் விட்டுக் கையால் அமுக்கினாள். "உன் சேலை ரெண்டைக் கொண்டா. மாத்துக்கு இன்னொண்ணும் சேத்து எடு, வழியில வேணும்ல. போ, அவன் உள்ள வந்து வேண்டாம்னு சொல்லுததுக்குள்ள எடு."

எழுந்தேன். பீரோ எதிர்ப்பக்கம். கதவைத் திறந்து கைக்குக் கிடைத்த சேலையை எடுத்தேன், என்ன நிறம் என்று பார்க்கவில்லை. பின்னால் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது, பிள்ளையுடையது இல்லை. திரும்பினால் சுற்றும். தெரியும். திரும்பினேன். மயினி பிள்ளையின் உச்சந்தலையில் முகத்தைப் பதித்து நின்றாள், பிள்ளை அவள் காதுக் கம்மலைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தாள். அறையோடு சேர்ந்து அவர்கள் இரண்டு பேரும் மெல்ல ஒரு பக்கமாக நகர்ந்தார்கள். நான் கண்ணை மூடவில்லை.